வேனுக்குள் நின்று பிடித்த டெஸ்டர்

1. வேன்

இத்தனை வருஷ வேலையில் கரண்ட் என்னை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பிடித்திருக்கிறது. பிடித்தது நான் குடியிருந்த வேன். விடுவித்தது, அதற்கு முந்தின நாள் எல்லார் முன்னாலும் நான் கேலி செய்த ஒரு பெண். எலக்ட்ரிக்கல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் குண்டடம் பக்கம். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றது. லாரியில் கிளீனர், போர்வெல் வண்டியில் கையாள், தாராபுரத்தில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் பட்டறை என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கேயும் சேர்ந்தாற்போல இரண்டு வருஷம் தங்கியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பனியன் தொழில் நன்றாக ஓடியபோது ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் பலகைக் கட்டில், மறுபக்கம் இரும்பு மேஜை, அதன் மேல் வைஸ், காயில் சுற்றும் மெஷின், கடைசியில் மண்ணெண்ணெய் ஸ்டவ். பல்லடமோ பொங்கலூரோ திருப்பூரோ, எந்த யூனிட்டில் மோட்டார் புகைந்தாலும் வேனோடு போய் நிற்பேன். வேலை முடியும்வரை அந்த வாசல்தான் வீடு. சித்திரையில் தகரம் வாணலியாகக் காயும். ஐப்பசியில் கட்டிலுக்கு மேலேயே ஒழுகும். அதெல்லாம் பழகிவிட்டது.

வேனுக்குக் கரண்ட், நிற்கிற யூனிட்டிலிருந்து. ஜன்னலோர சுவிட்ச் போர்டில் பிளக்கை மாட்டி, உள்ளே இரண்டு கம்பி மட்டும் ஓடும் டூ-கோர் ஒயரை இழுத்து, வேனின் பக்கத் தகரத்தில் நான் போட்டிருந்த ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவருவேன். லீக்கான கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் கிடையாது. போகிற இடமெல்லாம் முதலாளிகளை எர்த் போடச் சொல்கிற நான் என் வண்டிக்குப் போடவில்லை. நாளைக்கே கிளம்பப்போகிற வண்டிக்கு எதற்கு என்ற நினைப்புதான்.

2. செல்வமேரி

மண்ணரையில் கூலிக்குப் பனியன் தைக்கிற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து ஓவர்லாக் மெஷின் மோட்டார்கள் நனைந்துவிட்டன. முதலாளி என்னை வரச் சொன்னார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினேன். அங்கே வேலை செய்த பெண்கள் குழாயில் டிபன் பாக்ஸ் கழுவுவார்கள். வேனின் வாசல் கம்பியில் பையை மாட்டுவார்கள்.

நாலாம் நாள், தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருந்த செல்வமேரி வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கமிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாச்சி, உங்க வண்டி கடிக்கி."

"வண்டி கடிக்குமுங்களா?"

"வெளையாடல. டிபன் கழுவிட்டுக் கம்பியில கை வச்சேன். சுள்ளுனு முழங்கை வரைக்கும் ஏறிட்டு."

வேனுக்குள் வெறுங்காலோடு நின்றிருந்தேன். எட்டி, வாசல் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். பல்ப் எரியவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். போய்விட்டார்.

மறுநாள் அவர் சொல்லி மற்ற பெண்களும் வேன் பக்கம் வரவில்லை. முதலாளி வந்தார்.

"ஏனுங்க தங்கராசு, பொம்பளைக உங்க வண்டியக் கண்டாலே ஒதுங்கறாங்க. கரண்ட்டு கிரண்ட்டு அடிச்சு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் யாருக்குங்க பதில் சொல்றது? வண்டிய எடுத்துருங்க."

ஆறு மோட்டார்கள் பிரிந்து கிடந்தன. அரைகுறையாக வெளியேறினால் அந்தத் தெருவில் இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் வரச் சொன்னேன். வேனின் வாசலில் நின்றுகொண்டு கம்பி, கதவு, தகரம் என்று ஒவ்வொன்றிலும் டெஸ்டரை வைத்துக் காட்டினேன்.

"எரியுதுங்களா? நல்லாப் பாத்துக்குங்க."

எங்கேயும் எரியவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, "ஏனுங்க்கா, வண்டி உங்களை மட்டும் ஆள் பாத்துக் கடிக்குதாட்ட இருக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

செல்வமேரி சிரிக்கவில்லை. "நீங்க மேல நின்னு பாக்கிய. நான் கீழ நின்னுல்லா தொட்டேன். எறங்கி வந்து பாருங்க அண்ணாச்சி."

"மேல நின்னா என்னங்க, கீழ நின்னா என்னங்க? டெஸ்டர் ஒண்ணுதானுங்களே. செக்கிங்க நீங்க பாருங்க, கரண்ட்ட நான் பாத்துக்கறேன்."

இறங்கியிருந்தால் இரண்டு படி. இறங்கவில்லை.

3. மறுநாள்

காலையில் நல்ல மழை. வேனைச் சுற்றிச் சேறு. வெயில் வந்ததும், வேலை முடிந்த ஒரு மோட்டாரைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்று இடுப்பில் அணைத்துக்கொண்டு, வலது கையால் வாசல் கம்பியைப் பிடித்து இறங்கினேன். மற்ற நாளில் செருப்போடு, கம்பியைத் தொடாமலே ஏறி இறங்கிவிடுவேன்; அன்று செருப்பும் போடவில்லை.

கால் சேற்றில் பட்டதும் பிடித்துக்கொண்டது. மோட்டார் நழுவி விழுந்தது தெரிந்தது. கம்பியைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கத்த வாயைத் திறந்தால் தாடை வரவில்லை. எதிரே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சட்டென்று கை விட்டது. சேற்றில் மல்லாந்தேன்.

முதலாளி ஓடிவந்தார். "தங்கராசு! பேசுங்க, ஏதாச்சும் பேசுங்க!" யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள். தலையைத் திருப்பினேன். ஜன்னலுக்கு உள்ளே செல்வமேரி நின்றிருந்தார். அவர் கை இன்னும் சுவிட்ச் மேலேயே இருந்தது.

எழுந்து உட்கார முடிந்ததும் அவரிடம் கேட்டேன். "போர்டுல ஏழெட்டு சுவிட்ச் இருக்குதுங்களே. எதுன்னு எப்படிங்க உடனே தெரிஞ்சுது?"

"நேத்தே பாத்து வச்சிட்டேன். நீங்கதான் எறங்கி வரலியே. யாருக்காச்சும் அடிச்சா எத அமத்தணும்னு நானாவது தெரிஞ்சு வச்சிக்கிடணும்லா? வெளிச்சம் பத்தலன்னு சொல்லி எடத்தையும் இந்த ஜன்னலுக்கு மாத்திக்கிட்டேன்."

முதலாளி குறுக்கிட்டார். "போதுமுங்க. உங்களால ஓட்ட முடியாதுன்னா ஒரு வண்டியக் கொண்டாந்து கட்டி இழுத்துட்டுப் போயிருங்க."

"வேல முடிச்சிட்டுப் போகட்டும் மொதலாளி" என்றார் செல்வமேரி. "இப்பத்தான் கீழ எறங்கியிருக்காவ."

முதலாளியே சிரித்துவிட்டார். இரண்டு நாள் கெடு கொடுத்தார்.

4. கண்டுபிடித்தது

மத்தியானம் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பு போட்டுக்கொண்டு தரையில் நின்றேன். லைன் கொடுக்கச் சொல்லி, அதே கம்பியில் டெஸ்டரை வைத்தேன். பல்ப் செக்கச் சிவக்க எரிந்தது.

வேன் டயரில் நிற்கிறது. தகரத்துக்கு வந்த கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. கம்பி, கதவு, தளம் எல்லாம் ஒரே வோல்டேஜ். தளத்தின் மேல் வெறுங்காலோடு நின்ற நானும் அதே வோல்டேஜ். தொடுகிற இடத்துக்கும் பிடிக்கிற ஆளுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால்தான் டெஸ்டர் எரியும்; இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது எதைக் காட்டும்? லைனில் உட்கார்ந்த காக்கையின் கையில் டெஸ்டரைக் கொடுத்த மாதிரிதான் நான் பார்த்திருக்கிறேன். செல்வமேரி செருப்போடு நின்றதால் சுள்ளென்று விட்டது. என் கால் சேற்றில் இருந்ததால் பிடித்தது.

லைனை எடுத்துவிட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். தகரத்து ஓட்டையில் இருந்த ரப்பர் புஷ் காய்ந்து உதிர்ந்திருந்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, செம்பு வெளியே தெரிந்தது.

அன்றே, எர்த்துக்கும் ஒரு கம்பி உள்ள த்ரீ-கோர் ஒயர் மாற்றினேன். புது புஷ் போட்டேன். யூனிட்டின் எர்த் வேலை செய்கிறதா என்று சோதனைக்கு வைத்திருக்கிற சீரிஸ் லேம்ப் பல்பால் பார்த்த பிறகு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி எர்த்தை இறுக்கினேன். லீக் இருந்தால் தானாக விழுகிற ஈ.எல்.சி.பி. ஒன்றும் போட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை தரையில் நின்றேன். "இவங்க சொன்னது நெசமுங்க. நான் பாத்ததுதான் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கம்பியில் டெஸ்டரை வைத்துக் காட்டினேன். எரியவில்லை. யாரும் நகரவில்லை. செல்வமேரி முன்னால் வந்து, புறங்கையால் கம்பியை லேசாகத் தொட்டார். அப்புறம் தன் பையை அதில் மாட்டினார். அதற்குப் பின்தான் மற்றவர்கள் வந்தார்கள். என் டெஸ்டரைவிட அவர் பை பெரிய சர்டிபிகேட் ஆகிவிட்டது. ஆறு மோட்டாரையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

5. அதற்குப் பிறகு

பல வருஷம் அந்த வேனிலேயே சுற்றினேன். தறிக் குடோன், கோழிப்பண்ணை, சாயப்பட்டறை, எங்கே போனாலும் யாராவது ஷாக் அடிக்கிறது என்றால் மூன்று கேள்வி கேட்பேன். எங்கே நின்றீர்கள்? காலில் என்ன இருந்தது? எந்தக் கையால் தொட்டீர்கள்? பிறகு அவர் நின்ற இடத்திலேயே செருப்போடு நின்று டெஸ்டரை வைப்பேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. பக்கத்தில் நிற்கிற முதலாளி, "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே, சும்மா சொல்றானுங்க" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்டர் பொய் சொல்லாது. ஆனால் பிடித்திருக்கிறவன் எங்கே நிற்கிறானோ, அந்த இடத்துக்கு உண்டானதை மட்டும்தான் அது சொல்லும். அடி வாங்கியவர் கூலிக்காரராக இருக்கலாம், நம் பாஷை தெரியாதவராக இருக்கலாம், பயந்தவராகவும் இருக்கலாம். முதலில் அவர் நின்ற இடத்துக்குப் போங்கள். 'ஒன்றுமில்லை' என்று சொல்வதாக இருந்தாலும், அங்கே நின்று பார்த்த பிறகு சொல்லுங்கள்.