கழித்த நாலரை மணி நேரம்

டெலக்ஸ் தாளின் ஓரத்தில் பென்சிலால் நான் போட்ட அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். எண்பதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், வெளிநாட்டுக்குச் செய்தி தட்டி அனுப்பும் டெலக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் புது மிஷின் பழக ஜெர்மனி போயிருந்தபோது, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அம்மா காலையில் இறந்துபோனார். உடனே டெலக்ஸ் அடித்தேன், மத்தியானம் பதில் வந்தது: அவர்கள் நேரப்படி இரவு பத்துக்கு விமானம், மெட்ராஸுக்குப் பத்து மணி நேரம். இறங்கும்போது ஜெர்மனியில் காலை எட்டு. ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். பின்னால் என்றால் கழிக்கத்தானே வேண்டும்? கழித்தேன், மடையன். மெட்ராஸிலிருந்து கம்பெனி காரில் கிராமம் வந்து சேர எல்லாமாக ஆறு மணி நேரம். காலை ஒன்பதரை என்று விடை வந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே எல்லாம் அண்ணனின் தாய்மாமன் பொறுப்பு. அம்மாவுக்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும், அண்ணன்தான் கடைசி. “ஒம்போதரைக்கா? அப்ப மொகத்தப் பாத்துருவான்” என்றார் மாமா, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தபடி. வாங்கி வைத்திருந்த ஐஸ் கட்டி காலைவரை போதும் என்று மேற்கொண்டு சொல்லி அனுப்பவில்லை.

மறுநாள் ஒன்பதரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. ரோட்டில் தூசி கிளம்பினாலே எல்லாரும் எழுந்து நின்றார்கள். “பிளேனுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா தம்பி?” என்று மாமா மெதுவாகக் கேட்டார். மூன்று மணி வாக்கில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்த் தாளை மறுபடி பார்த்தேன். ஐயோ, கூட்டவேண்டியதை அல்லவா கழித்திருக்கிறேன்! மாமாவைத் தனியே கூப்பிட்டு, “தப்பாச் சொல்லிட்டேன் மாமா, அண்ணன் வர ஆறரை ஆயிரும்” என்றேன்.

அவர் திட்டவில்லை. “நேத்தே தெரிஞ்சிருந்தா தருமபுரி ஆஸ்பத்திரியில வெச்சிருப்பனே. இனிமே ஒடம்பு தாங்காதுப்பா” என்றார். ஐந்து மணிக்கு எடுத்தார்கள். மூத்த மகன் கொள்ளி வைத்தார்.

ஆறரைக்குக் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கி, காலியாகக் கிடந்த பந்தலைப் பார்த்தார். ஐந்து மணிக்கே எடுத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். “ஒன்ற மணி நேரம் பொறுக்க முடியலயா மாமா ஒனக்கு?” என்று கத்தினார். நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். “நாந்தான்டா அவசரப்பட்டுட்டேன்” என்றார். பிறகு என்னிடம், “பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு தம்பி. தெனமும் அவன் மொகத்துல முழிக்கணும் நீ” என்றார்.

அன்றோடு அண்ணன் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சொல்லிவிடவேண்டும் என்று தினமும் அண்ணன் வேலை பார்க்கும் டூல்ரூம் வாசல்வரை போவேன். பயம், வேறென்ன, டீ குடித்தீர்களா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். இப்போது விமானம் எங்கே பறக்கிறது என்பதைக்கூட என் மகள் போனில் காட்டுகிறாள். அதைப் பார்க்கவே பிடிப்பதில்லை.

அம்மா இறந்து சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில் மாமா போய்விட்டதாகத் தொழிற்சாலைக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன், நான்தான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஓசூரிலிருந்து அந்தக் கிராமத்துக்கு மூன்று மணி நேரம், உடனே கிளம்பினால் முகம் பார்த்துவிடலாம். ஷிஃப்ட் முடியும்வரை அண்ணன் மிஷினை விட்டு நகரவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.