எங்கள் மகளுக்கு எந்தக் கப்பல்?

போன வருடம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த நேரம். கோவை காந்திபுரத்தில் ஜவுளிக் கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் நானும் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டார்: "நீங்க எந்த மாதிரி டிராவலருங்க சார்?"

துடியலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் இருவருடைய அப்பாக்களும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். ஊட்டி, வேளாங்கண்ணி தவிர நாங்கள் எங்கும் ஊர் சுற்றப் போனதில்லை. அப்படியிருக்க, எந்த மாதிரி என்று எதைச் சொல்வது?

அவரே விளக்கினார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் சறுக்கு மரம், நீச்சல் குளம், மேஜிக் ஷோ எல்லாம் இருக்கிற பெரிய கப்பல். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் பால்கனி வைத்த அறை. நண்பர்கள் கூட்டமாகப் போனால் பாட்டும் ஆட்டமுமாக ஒன்று. வயதானவர்கள் என்றால் கொச்சியிலிருந்து கிளம்பும் சின்னக் கப்பல், சத்தம் இருக்காது, சைவச் சாப்பாடும் நன்றாக இருக்கும். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் மகளைப் பார்த்தோம். அவள் மூலையில் இருந்த தண்ணீர் கேனின் குழாயைத் திறந்து, விரல் மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. ஆட்டிசம் உள்ளவள். அதிகம் பேச மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது. குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழு ஆரம்பித்தால் நானோ மனைவியோ அவளோடு வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, இப்படித்தான் எங்கள் ஆராதனை பல வருடமாக நடக்கிறது.

அப்படிப்பட்டவள், சொந்தக்காரர் கல்யாணத்துக்காக எர்ணாகுளம் போனபோது அங்கே படகில் ஏறியதும் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கரைக்குப் போனதும் இறங்க மறுத்தாள். கல்யாண விருந்தை விட்டுவிட்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் பொழுது சாயும்வரை போய் வந்தோம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து "கப்பல்" என்பாள். இது வேண்டும் என்று அவள் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான். மனைவி ஒரு நாள் சொல்லிவிட்டாள், "ஏனுங்க, எப்படியாச்சும் இவளை ஒருக்காக் கூட்டிட்டுப் போயே ஆகோணுங்க."

போக வேண்டும் என்பது முடிவாயிற்று. எதில் என்பதில்தான் குழம்பிப் போனோம்.

ஈரோட்டில் இருக்கும் மச்சான் போன் போட்டு, "போனாப் பெருசுலதானுங்க மாமா போகோணும். சின்னதுல போறதுக்குப் பரிசலே போதுமே" என்றான். மகளைப் பார்க்கும் டாக்டர் கூட்டம் குறைவாக இருப்பதே நல்லது என்றார். அவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் கேட்டோம். ஒரு அம்மா, பெரிய கப்பல்தான் நல்லது, அந்தத் திருவிழாக் கூட்டத்தில் நம் பிள்ளையை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்றார். இன்னொரு அம்மா, அதே கப்பலில் தன் மகன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை என்று அழாத குறையாகச் சொன்னார்.

நான் பெரிய கப்பல் என்றேன், மனைவி சின்னது என்றாள். ஒரு வாரம் பேசிப் பேசி ஒருவரையொருவர் மாற்றிவிட்டோம். அவள் பெரியது என்றாள், நான் சின்னது என்று நின்றேன். மகளிடமே இரண்டு படத்தையும் காட்டினோம். இரண்டையும் தள்ளிவிட்டு, படங்களுக்குக் கீழே இருந்த நீல நிறத்தை விரலால் தடவினாள். கடைசியில் துணிந்து முடிவெடுத்தோம் என்று சொல்ல மாட்டேன். யோசித்துச் சலித்துப்போய், வயதானவர்கள் போகும் அந்தச் சின்னக் கப்பலுக்கே பதிந்தோம். கொச்சியிலிருந்து கிளம்பி, கரையே தெரியாமல் கடலில் ஓடிவிட்டுத் திரும்பி வரும்.

ஏறிய சிறிது நேரத்திலேயே தப்பான கப்பலில் ஏறிவிட்டோமோ என்று ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஆபத்துக்கால ஒத்திகை ஒன்று உண்டாம். பெரியதோ சின்னதோ, எல்லாக் கப்பலிலும் உண்டாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரு கூடத்தில் கூடியிருந்தபோது கப்பலின் அபாயச் சங்கு ஊதியது. காதுக்குள் கம்பி விட்டது போன்ற சத்தம். என் மகள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். தன் கையையே கடித்தாள். நான் அவள் காதைப் பொத்த, மனைவி அவள் பற்களுக்கு நடுவிலிருந்து கையை விடுவிக்கப் பார்க்க, சுற்றிலும் நரைத்த தலைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், நல்ல உயரம், வெள்ளை வேட்டி, என்னிடமே கேட்டுவிட்டார்: "இந்த மாதிரிப் புள்ளைய எதுக்குங்க இங்கெல்லாம் கூட்டியாரீங்க? அதுக்கும் சிரமம், அடுத்தவங்களுக்கும் சிரமம்."

அவர் கேட்டதைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் கப்பல் நகர்ந்ததும் அவள் மாறிவிட்டாள். எங்கள் அறை கீழ்த் தளத்தில் இருந்தது, ஆட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டு வாங்கியது, ஜன்னல் கிடையாது. மேல் தளத்துக்குக் கூட்டிப்போனோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றைக் குடித்தபடி நின்றாள். மறுநாள் முழுவதும் அப்படியே. மனைவி என் தோளில் தலை சாய்த்து, "சரியான கப்பல்தானுங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த நிம்மதியிலேதான் அசந்துவிட்டோம். அன்று மாலை அறையில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். "பாப்பா எங்கீங்க?" என்ற மனைவியின் குரலில்தான் விழித்தேன். கதவு திறந்து கிடந்தது. மகளின் செருப்பு மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

மேல் தளத்துக்கு ஓடினேன். அவள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். தண்ணீர் என்றால் உயிரை விடுவாள் என்று அவளைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்ததும் கம்பிக்கு மேலே எட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன், மனைவி போய்ச் சொல்லி, கப்பல் அதிகாரியான ஒரு மலையாளிப் பெண் அவளோடு அங்கே ஓடி வந்தார். கேமராக்களில் தேடச் சொல்லிவிட்டேன், எல்லாத் தளத்திலும் கேமரா இல்லை, அதனால் ஒலிபெருக்கியில் உடனே அறிவிக்கலாம் என்றார். நான் சரி என்றேன். மனைவி கத்தினாள்: "வேண்டாங்க! மைக்குச் சத்தங் கேட்டா மெரண்டு ஓடிப்போடுவா. கம்பி ஓரமா நின்னுட்டிருந்தா என்னங்க பண்றது?"

அதுவும் உண்மைதான். அறிவிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அறிவித்தால் அவளுக்கும் கேட்டுவிடும். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், நீங்கள் சொல்லுங்கள் என்று. வேண்டும் என்று வாயெடுத்தேன், வேண்டாம் என்று கையசைத்தேன். என் வாழ்நாளில் அப்படி மூளை நின்றுபோனது அந்த ஒரு முறைதான்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில்தான் இதெல்லாம் நடந்தது. பொள்ளாச்சிக்காரர் கையில் தட்டோடு கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"மைக் வேண்டாங்க. நாங்க இத்தனை பேர் இருக்கறோம். ஆளுக்கொரு பக்கம் போய்க் கம்பியோரம் நிக்கறோம். புள்ளை வந்தாப் புடிச்சுக்கலாம். நீங்க உள்ளார தேடுங்க" என்றார். அதிகாரி தலையசைத்தார்.

உரக்கப் பேசாதீர்கள் என்று பொள்ளாச்சிக்காரர் சொன்னது மேசை மேசையாகக் காதோடு காதாகப் போயிற்று. நேற்று எங்களை வெறித்துப் பார்த்த அதே முகங்கள்தான். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள், கைத்தடி ஊன்றியவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேல் தளத்தின் ஓரம் முழுக்க ஆட்கள், ஒருவர் கை எட்டும் தூரத்தில் இன்னொருவர். சிலருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. அவரவர் சாமியை வேண்டியிருப்பார்கள்.

நானும் அதிகாரியும் கீழே இறங்கி ஒவ்வொரு வழியாகத் தேடினோம். மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் பயனில்லை, அவள் பதில் சொல்ல மாட்டாள். அறைக் கதவுகளை மெல்லத் தட்டித் தட்டிக் கேட்டோம். எங்கள் அறை இருந்த அதே தளத்தின் கோடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

வட்டமான கண்ணாடி ஜன்னல். அலை வந்து அந்தக் கண்ணாடியில் மோதி வழிந்துகொண்டிருந்தது. என் மகள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அலை ஏறும்போதெல்லாம் சிரித்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்து, கண்ணாடியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பதறிப்போனார்.

"உங்க புள்ளைங்களா? செத்த முன்னால வந்தா. ஆருன்னு கேட்டேன், சொல்லுல. எங்கூட்டு ஆளுக சாப்படப் போயிட்டாங்க, நா ஒருத்திதான் இருந்தேன். தொணைக்கு ஒருத்தி வந்தாளேன்னு நானும் சும்மா இருந்துபோட்டனுங்க. தேடுவீங்கன்னு தெரியாதுங்க. ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா நா சொல்லியிருப்பனே!"

ஒரு சத்தம் போட்டிருந்தால். ஒலிபெருக்கி அந்த அறையிலும் இருந்தது, கதவுக்கு மேலேயே. அறிவித்திருந்தால் அந்த அம்மா அப்போதே மணியடித்து யாரையாவது கூப்பிட்டிருப்பார். அல்லது சத்தம் கேட்ட மாத்திரத்தில் என் மகள் திறந்த கதவு வழியாக ஓடியிருப்பாள். எங்கே ஓடியிருப்பாள் என்று நான் இதுவரை யோசித்து முடித்ததில்லை.

மனைவி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிப் பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது, முழங்கையால் தள்ளினாள். மனைவி விடவில்லை. பிறகு மேலே போய்த் தகவல் சொன்னோம். அங்கேயும் யாரும் கைதட்டவில்லை, ஆரவாரம் செய்யவில்லை. கம்பியிலிருந்து கைகளை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பொள்ளாச்சிக்காரர் என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. "ஊட்டுல தாழ்ப்பாள் போட மாட்டீங்களா? வயசுப் புள்ளைய வெச்சுக்கிட்டுத் தூங்கறதாமா தூக்கம்?" என்று திட்டினார். திட்டிவிட்டு, ஆறிப்போயிருந்த தன் தட்டை நோக்கி நடந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அவர் மனைவிதான் என் மனைவியிடம் பிறகு சொன்னாராம்.

கொச்சி வந்து சேரும்வரை என் மகள் பொழுதெல்லாம் அந்த வட்ட ஜன்னல் பக்கத்திலேதான் இருந்தாள். இறங்கும்போது அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டாள். எங்களிடம்கூட அப்படிச் செய்ததில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போதும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு எந்தக் கப்பல் சரிப்படும் என்று. சங்குச் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கதவுக்கு உள்பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், கீழ்த் தளத்தில் ஜன்னல் அறை கேளுங்கள் என்று சொல்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அன்றைக்கு மைக்கில் அறிவிக்கச் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா என்பதும் எனக்குத் தெரியாது, மனைவியும் நானும் அதில் இன்னும் ஒத்துப்போனதில்லை. ஆனால் எதையும் தீர்மானிக்க முடியாமல் கை பிசைந்து நிற்கிற நேரம் வரும்போதெல்லாம், இருட்டப் போகிற கடலைப் பார்த்துக்கொண்டு, தங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத என் மகளுக்காகக் கம்பியைப் பிடித்து வரிசையாக நின்ற அந்த முதுகுகள் என் கண்ணில் வருகின்றன, எனக்கும் மூச்சு கொஞ்சம் சீராகிறது.