விலகல் கடிதம் எழுதிய நாளில் வந்த அழைப்பு

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நம் செபக் கூட்டத்தில் இவ்வளவு காலமும் பின்வரிசையில் இருந்து மற்றவர்களின் சாட்சியைக் கேட்டவள் நான். இன்று என் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பதினேழு வருடமாக ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். வீடு பாலையூற்றில். கணவர் அன்ரன் துறைமுகத்தில் மெக்கானிக். டிப்ளோமாவோடு வேலையில் சேர்ந்த எனக்கு, நாற்பது வயதில் பட்டதாரித் தாதியாக வேண்டும் என்று ஆசை வந்தது. வார்டை விட்டுப் போகாமல் ஒன்லைனில் படிக்கலாம் என்றார்கள். சேர்ந்தேன்.

முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருடத்தில் புள்ளிவிபரவியல் வந்தது. அதில் விழுந்தேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். மூன்றாம் தரமும் தவறினால் பெயரை நீக்கிவிடுவோம் என்று மின்னஞ்சல் வந்தது.

அதைவிடப் பெரிய பாரம் தனிமை. வகுப்பு என்றால் திரையில் கறுப்புக் கட்டங்கள்தான். பெயர் இருக்கும், முகம் இராது. வாரத்துக்கு வாரம் அந்தக் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. வார்டிலே ஒரு கட்டில் காலியானால் அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும். இங்கே யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரும் தேடவும் இல்லை. அடுத்தது நான்தான் என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தவக்காலத்தின் முதல் வாரம். காலை வேலை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உடுப்புக்கூட மாற்றவில்லை. கதிரையில் இருந்தபடி விலகல் கடிதத்தை எழுதி முடித்தேன். சாப்பிட வந்த அன்ரன் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"விடப்போறன். எனக்கு ஏலாது."

அவர் கடிதத்தை வாசித்து முடித்தார். பிறகு, "விடுறதெண்டா விடும். ஆனா செபிச்சுப்போட்டு அனுப்பும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அறைக்குள் போய் முழந்தாளிட்டேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் பரீட்சையில சித்தி கேக்கேல்ல. பக்கத்தில ஒரு ஆளைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு அழுகைதான்.

முகம் கழுவிவிட்டு வந்து இருந்தேன். கைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"ரெஜினா அக்காவா? நான் பஸ்மினா. கிண்ணியாவில இருந்து. உங்கட வகுப்புத்தான். வகுப்புப் பட்டியல்ல இலக்கம் எடுத்தன்."

அந்தப் பெயரைத் திரையில் பார்த்திருக்கிறேன். குரலை ஒருநாளும் கேட்டதில்லை.

"அக்கா, நான் படிப்ப விடப்போறன். அதுக்கு முன்ன ஒராளோட கதைக்கணும் போல இருந்திச்சு. வகுப்புல நீங்கதான் பயமில்லாமக் கேள்வி கேக்குறீங்க. உங்களுக்கு எல்லாம் விளங்குதுதானே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உதவிக்கு ஆள் கேட்டால், உதவி தேவைப்படுகிற ஆளையா அனுப்புவது என்று மனதுக்குள் ஆண்டவரிடம் முறையிட்டேன்.

"தங்கச்சி, விளங்காதபடியாத்தான் கேக்கிறனான். புள்ளிவிபரத்தில ரெண்டு தரம் பெயில். நானும் விடத்தான் போறன்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "புள்ளிவிபரமா? எனக்கு அது லேசாச்சே அக்கா."

அவளுடைய சிக்கல் வேறு. விரிவுரையாளர் முன்னால் ஆங்கிலத்தில் பேசும் பரீட்சை. மைக்கைத் திறந்தவுடன் வாய் உலர்ந்துவிடும். இரண்டு தரம் பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடியிருக்கிறாள். எனக்கோ பேசுவதில் பயமே கிடையாது. இலக்கங்கள்தான் ஏறாது. ஒருவருக்கொருவர் படிப்பிப்பது என்று முடிவெடுத்தோம்; விலகல் கடிதம் அனுப்பாமலே கிடந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பாலம் கடந்து கிண்ணியா போனேன். பஸ்மினாவுக்கு முப்பது வயதுகூட இராது. அவளும் அங்கே தாதிதான். கொப்பியை விரித்துவைத்துக் கேட்டாள்:

"உங்கட வார்டுல பத்துப் பேர்ட பிரஷரக் கூட்டிப் பிரிச்சா நல்ல சராசரி வருது. ஆனா ஒராளுக்கு இருநூறு, இன்னொராளுக்கு எழுபது. சராசரியப் பாத்துட்டுச் சும்மா இருப்பீங்களா?"

"ஐயோ, எப்பிடி இருக்கிறது? ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகி நிக்கினம் எண்டு பாக்க வேணும்."

"அவ்வளவுதான் அக்கா. நியம விலகல் எண்டா அதுதான்."

இவ்வளவு நாளும் பயந்த பாடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவளை எழுப்பி நிற்கவைத்து, நான் விரிவுரையாளராக நடித்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். அவள் தடுமாறினாள், சிரித்தாள், மறுபடி தொடங்கினாள். றமழான் வந்தது. நோன்போடு இருந்து படிப்பித்தாள். எனக்கு மட்டும் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். தவக்காலம் என்று சொல்லி நானும் தொடமாட்டேன்.

எல்லாம் நேராகப் போகவில்லை. பயிற்சிப் பரீட்சை ஒன்றில் மறுபடியும் தவறினேன். வெட்கத்தில் அந்த ஞாயிறு கிண்ணியாவுக்குப் போகவில்லை. கைபேசியையும் நிறுத்திவைத்தேன். பத்து மணிக்கு எங்கள் வாசல் படலையில் பஸ்மினா வெயிலில் நின்றாள்.

"நீங்க வரல்ல. அதான் நான் வந்தன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கொப்பியைத்தான் எடுத்தாள்.

மூன்றாவது முறை எழுதிய பரீட்சையின் பெறுபேறு வந்தபோது நான் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்தி. ஒரு தரம் பார்த்து நம்பாமல் மறுபடி பார்த்தேன். பஸ்மினாவும் பேச்சுப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தாள். அன்று அவளிடம் என் செபத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நானும் பகல் லுஹர் தொழுதுட்டுத்தான் உங்களுக்கு எடுத்தன். ஒராளக் காட்டித் தா எண்டு துஆ கேட்டன்."

இருவரும் கடைசி வருடத்தையும் முடித்துவிட்டோம். போன மாதம் ஒரே நாளில் பட்டம் வாங்கினோம். இப்போது நானும் பஸ்மினாவும் எங்களுக்குப் பின் சேர்ந்தவர்களின் பெயர்களை வைத்திருக்கிறோம். யாராவது இரண்டு வகுப்புக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டால் அழைத்துப் பேசுகிறோம். வார்டில் என் வேலை அதேதான். ஆனால் மனது நிறைந்து கிடக்கிறது. ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

என் உறவுகளே, கைவிடும் நேரத்தில்கூட அவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு வரி போதும். கேட்ட பிறகு யாராவது தம் கஷ்டத்தோடு உங்களைத் தேடி வந்தால், தொந்தரவு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள்.