மூன்று நாள் கெடுவில் ஒரு கோமேதகம்

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததும், அவளை அழைத்துவரக் கிளம்பாமல், முதலில் படுக்கையறைக்கு ஓடித் தலையணைக்கு அடியில் இருந்த கல்லை எடுத்துக் கூடத்தில் வைத்தேனே, அது ஏன்? இயற்பியல் படித்தவள் நான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கல் கோமேதகம். கார்னெட் வகையைச் சேர்ந்தது. கார்னெட் என்றால் பெரும்பாலும் அடர்சிவப்பாக இருக்கும். கோமேதகமோ தேன் நிறம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் சேர்த்ததை வைத்து நான்கு வயது மகளுக்கென்று ஏதாவது வாங்க நினைத்தேன். எல்லோரும் தங்கக்காசு என்றார்கள். தங்கக்காசை லாக்கரில் வைத்துவிட்டு மறந்துபோவோம். நாளைக்கு விலையும் போக வேண்டும், இன்றைக்குக் கையில் எடுத்துப் பார்த்தால் மனசும் நிறைய வேண்டும் என்று எனக்கு ஆசை.

கணவர் சிரித்தார். "நம்ம ஊர்ல நகைய விக்கப் போனா, கல்லு எடைய கழிச்சிட்டுத்தான் காசே குடுக்கறான். நீ வெறும் கல்லையே வாங்கறேன்ற!"

"தரமான கல்லுக்குத் தனி விலைங்க."

"வாங்கறது ஈஸி. யார்கிட்ட விப்ப?"

அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஒரு மாதம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாக என் கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒரு லென்ஸை நீட்டினார். கல்லுக்குள் பார்த்தேன். வெல்லப்பாகு தண்ணீரில் கரையும்போது தெரியுமே, அந்த மாதிரி ஒரு நெளிவு.

"கண்ணாடியா இருந்தா உருண்டை உருண்டையா குமிழி தெரியும்மா. இது பூமியில வெளஞ்சது. சூடு காட்டல, சாயம் ஏத்தல" என்றார். பரிசோதனைக்கூடத்தின் அட்டையிலும் அப்படியே இருந்தது. காசைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "மூணு நாளு வச்சிப் பாருங்க. ஒத்துக்கலன்னா கொண்டாந்து குடுத்துருங்க."

ராகுவின் கல் என்பதால் இது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று நாள் தலைமாட்டில் வைத்துப் படுப்பார்கள். வீட்டில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்றால்தான் கல் தங்கும். நான் அதை மூன்று நாள் வாரண்டி என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். என் மாமியார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"படிச்ச பொண்ணு, ஒரு வார்த்த கேக்காம வாங்கிக்கினு வந்துட்ட. சரி, வச்சிப் பாரு. எதுனா ஆச்சின்னா ஜல்தியா குடுத்துட்டு வந்துரு. பேஜாரு வேணாம்."

மறுநாள் காலை காபி கொடுக்கும்போதே விசாரணை. "கனவுல பாம்பு வந்துச்சா?"

"இல்லீங்க அத்தை. கொஸ்டின் பேப்பர்தான் வந்துச்சு."

"அதுவும் நல்லதில்ல."

இரண்டாம் நாள் மதியம்தான் பள்ளியிலிருந்து அந்த போன். டாக்டர் மகளின் தொண்டையைப் பார்த்துவிட்டு, அதே பள்ளியிலிருந்து அந்த வாரம் வந்த ஐந்தாவது குழந்தை அவள் என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

"டாக்டருக்குக் கல்லு விஷயம் சொன்னியா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லீங்க."

"சொல்லாம அவரு எப்படிம்மா கண்டுபுடிப்பாரு?"

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் கெடுவும் அன்றோடு முடிகிறது. குழந்தை விஷயத்தில் வீம்பு பிடிக்கிறேனோ என்று எனக்கே குழப்பமாக இருந்தது. கல்லை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் டப்பாவைத் திறந்தேன். வெயில் பட்டதும் உள்ளங்கையில் ஒரு துளித் தேன் ஊறியது போல இருந்தது. மூடினேன், திரும்பவும் திறந்தேன். விழுப்புரம் வருவதற்குள் எத்தனை முறை திறந்தேன் என்று தெரியாது.

பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு தானாகவே சிரித்தார்.

"இது மூணாவது தடவம்மா. மொதல்ல ஒருத்தரு வாங்கிக்கினு போனாரு. வண்டி பஞ்சராச்சுன்னு திருப்பிட்டாரு. அப்புறம் ஒரு அம்மா. அவங்க வூட்ல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சாம்."

"அப்ப இந்தக் கல்லு ஆகாததுங்களா?"

"மூணு நாளா ஒரு வூட்ல ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லுங்க, அந்த வூட்டுக்கு நானே மாலை வாங்கிக்கினு வர்றேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சர், பால், தொண்டை வலி. என் டியூஷன் பிள்ளை எவளாவது இதை நிரூபணம் என்று எழுதியிருந்தால் பெரிய சுழியம் போட்டிருப்பேன். நானோ அதற்காகப் பஸ் பிடித்து வந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். "பின்னாடி நான் இத விக்க வந்தா எடுத்துப்பீங்களா?"

"எடுத்துப்பேன். ஆனா இந்த வெலைக்கு இல்ல. கொறைச்சுத்தான் எடுப்பேன். வருஷம் போவட்டும், நல்ல கல்லு ஏறும். எவ்ளோன்னு சொன்னா பொய் சொன்னவனாயிடுவேன்."

அந்த நேர்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. டப்பாவைத் திரும்ப வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. விலை ஏற எத்தனை வருடம் ஆனாலும் காத்திருப்பேன். அதுவரை அதன் அழகு என்னிடம் இருக்கும்.

தடுமாறியது வீட்டு வாசலில்தான். "குடுத்துட்டியா?" என்று அத்தை கேட்டார். "போய்ட்டு வந்துட்டேன் அத்தை" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் புரிந்துகொண்டது வேறு என்று தெரிந்தும் திருத்தவில்லை.

கணவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். "இது உங்க ரெண்டு பேர் விஷயம். என்ன இழுக்காத" என்று நழுவிவிட்டார். ஒரு மாதமாகக் கல் டியூஷன் அலமாரியில், சாக்பீஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அத்தையோ பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பாரு, அந்தக் கல்லு போச்சு, ஒரு தும்மல்கூட இல்ல." என்னைத் திட்டாமல், தான் பேத்தியைக் காப்பாற்றிவிட்டதாகச் சந்தோஷப்படுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் சாக்பீஸ் பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைக்கிறேன்.

கல்லைப் பதக்கமாகக் கட்டப் போகிறேன். மகள் வளரும்வரை என் கழுத்தில் கிடக்கட்டும். அத்தை கண்ணில் அது படாமல் இருக்காது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: கட்டுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுவதா, போட்டுக்கொண்டு போய் எதிரில் நின்று சொல்வதா? அத்தை மனசு நோகாமல் அதை எப்படி ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.