கிட்டார் கழுத்தில் ஐந்து குழிகள்

கிட்டார் என்னுடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஒருமுறைகூட யார் காதிலும் ஏறவில்லை.

சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரருடையது அது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை என்று டீ குடிக்கும்போது ஒருநாள் சொன்னேன். மறுநாளே உறையோடு தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கியதாம். இரண்டு மாதம் அது எங்கள் வீட்டில் இருந்தது. நானும் தினமும் விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் அவர் கேட்டார்: திங்கட்கிழமை மாலை அலுவலக விழாவில் பாடப் போகிறார், அன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று. கொடுப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் பட்டறையில் அப்பா லேத் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை; ஆனால் வெர்னியரில் அளவு மட்டும் பிசகாமல் படிப்பார். பட்டறையில் பூஜை முடிந்தாலும் வீட்டில் தனியாக ஒன்று உண்டு. அப்பாவின் சொந்த ஸ்பேனர்கள், அரிவாள், அம்மாவின் கத்தரிக்கோல், நான் படித்து முடித்து நான்கு வருடமான கல்லூரிப் புத்தகங்கள், லேப்டாப் எல்லாம் மனைப்பலகைமேல் ஏறும். அன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிட்டாரும் ஏறியிருந்தது. சந்தனம் பட்டால் கம்பி கெட்டுப்போகுமே என்று அம்மா ரொம்ப யோசித்து அதைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார். கழுத்தின் பின்பக்கத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதன் தலைமாட்டில், புத்தக அடுக்கின்மேல், அப்பாவின் ஸ்பேனர் டப்பா.

எடுக்கப் போனேன். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அடுத்தவரோடதுங்மா."

"அதனாலதான் கண்ணு வெச்சேன். அவிங்களுக்கும் நல்லது நடக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. பெற்றவர்களிடம் எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அதற்கும் ஒரு 'ங்க' போட்டாக வேண்டும். 'ங்க' போட்டுச் சொல்லும் கோபம் கோபமாகவே கேட்காது. விண்ணப்பம் மாதிரி கேட்கும். என் விண்ணப்பங்களை அம்மா வழக்கம்போல வாங்கி வைத்துக்கொண்டு பொரிகடலையை எடுத்து நீட்டினார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அப்பாவுக்குப் பட்டறையில் நல்ல நேரத்துக்குள் மெஷினை ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரம். டப்பாவை ஒரு கையால் இழுத்தார். புத்தகம் சரிந்தது, டப்பா கவிழ்ந்தது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று ஸ்பேனர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கழுத்தின்மேலேயே விழுந்தன.

மூன்று குழிகள். ஒன்று கடுகளவு, ஒன்று அரிசியளவு. மூன்றாவது துவரம்பருப்பு உட்காரும் அளவுக்கு இருந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிட்டார் கழுத்தின் பின்பக்கம் என்பது கட்டைவிரல் ஓடும் தடம். அங்கே ஒரு மணல் ஒட்டியிருந்தால்கூட விரலுக்குத் தெரியும்.

அப்பா குனிந்து நகத்தால் தடவிப் பார்த்தார். "டொக்கு விழுந்துபோச்சு. இதென்ன பெரிய வேலையா? அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தா மட்டமாயிரும்" என்றார்.

அவர் தொழிலில் அதுதான் சரி. இரும்பில் பள்ளம் விழுந்தால் சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டியது. மரத்தில் அப்படிச் செய்தால் கழுத்து அந்த இடத்தில் இளைத்துப்போகும். மரம் எங்கேயும் போய்விடவில்லை, அடிபட்ட இடத்தில் நார் அமுங்கிக் கிடக்கிறது. ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் சூடான அயர்ன் பாக்ஸ் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால், ஆவி உள்ளே போய் நார் ஊதி மேலே வந்துவிடும். நான்கு வீடியோ பார்த்துவிட்டு இதை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார்.

"தொடாதீங்கப்பா" என்றேன்.

"நானெங்க தொட்டேன்? சும்மா கையில வெச்சிருக்கறேன்."

அவரைப் பட்டறைக்கு அனுப்பிவைத்துவிட்டு, நல்ல பருத்தித்துணி வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டில் இருந்த துணியெல்லாம் சாயம் போகிறவை. திரும்பி வர அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. துவரம்பருப்புக் குழி மினுமினுவென்று இருந்தது.

அம்மா தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். ஊறினால் மேலே வந்துவிடும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். தண்ணீரைவிட எண்ணெய் நன்றாக ஊறுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மரம் எண்ணெயைக் குடித்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது என்று நான் சொன்னபோது, "அப்பவே சொல்லியிருக்கலாமல்லோ" என்று என்மேலேயே திருப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். கம்பிகளைத் தளர்த்தி, தலையணைமேல் கிட்டாரைக் குப்புறப் போட்டு, சந்தனக் கறையைத் துடைத்தேன். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. கழுத்தில் கனமான பாலிஷ் கிடையாது, அது ஒன்றுதான் எனக்கு இருந்த அதிர்ஷ்டம். கடுகுக் குழி இரண்டாவது தடவையிலேயே காணாமல்போனது. அரிசிக் குழி ஐந்து தடவை கேட்டது. துவரம்பருப்பு அசையவே இல்லை. தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. நான் அயர்ன் பாக்ஸைத் தொட்டு எடுக்க எடுக்க, இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு உதவுகிறார்கள் என்ற நினைப்பில், அவரவர் கருத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சூடு பத்தாது என்றார் அப்பா. சூடு அதிகம் என்றார் அம்மா. ஏனுங்க, பையன் செய்யட்டும் விடுங்க என்று அப்பாவை அடக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி கண்ணு என்று எனக்குச் சொன்னார்.

எட்டாவது தடவையில் குழியைச் சுற்றி மரம் சொரசொரப்பாக எழுந்துவிட்டது. இதற்குமேல் போனால் கெடும் என்று நிறுத்தினேன். அது பாதி ஆழத்தோடு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அப்பா கழுத்து முழுவதையும் கட்டைவிரலால் ஒரு தடவை நீவிப் பார்த்துவிட்டு, மேலே இன்னும் இரண்டு இருக்கிறதே என்றார். இருந்தன. ஆனால் அவை எங்களால் விழுந்தவை அல்ல, பழையவை. விளிம்பெல்லாம் மழுங்கி வழுவழுவென்று இருந்தன. ஒன்று, முன்பக்கம் கம்பியை அழுத்தும் ஐந்தாவது கட்டத்துக்கு நேர் பின்னால் இருந்தது.

"அதையும் எடுத்துப்போடு" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் இரவல் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ, நாலு தக்காளியோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அடுத்தவர் பொருளை அடிபட வைத்துவிட்டோம். அதில் ஒன்றைச் சரிசெய்யவும் முடியவில்லை. அவருடைய பழைய குழிகளையாவது சரிசெய்து கொடுத்தால் கணக்கு நேராகுமே என்று அம்மாவுக்குப் பட்டது. இதில் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. முதல் நாளிலிருந்து அவர்கள் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் உடனே கேட்டேன். எண்ணெய் படாத சுத்தமான மரம்; இரண்டும் அழகாக எழுந்து வந்தன. விரலை ஓட்டினால் அங்கே ஒன்று இருந்தது என்றே தெரியாது. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "மட்டம்" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சுலபத்தில் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, பூஜையை விட்டுவிட்டு, கைதவறி விழுந்தது என்று மட்டும் சொல்லலாமா என்று யோசித்தது உண்மைதான். குப்புறப் படுத்த கிட்டாருக்குப் பொட்டு வைத்த கதையை அந்த அலுவலகத்தில் வைத்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மஞ்சள் கறையை என்னவென்று சொல்வது? அவர் சிரித்தார். எண்ணெய்க் குழியைத் தொட்டுப் பார்த்து, இது ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டார்.

பிறகு மடியில் வைத்துச் சுருதி சேர்த்தார். இடது கை கழுத்தில் மேலும் கீழும் போய் வந்தது. திரும்பவும் போனது. எதையோ தேடுகிற மாதிரி.

"ஏனுங்க, இங்க ஒண்ணு இருந்துச்சே?"

"அதையும் எடுத்துட்டேனுங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"எடுத்துட்டீங்களா." கட்டைவிரல் அந்த இடத்தில் இன்னொரு தடவை போய் வந்தது. "கட்டைவெரல் அதுல போயி நின்னுக்குமுங்க. அதை வெச்சுத்தான் பாக்காம வாசிக்கறது. பத்து வருசமா அப்படியே பழகிப்போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க, நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றார். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். 'பரவால்லீங்க'வுக்குப் பதிலே கிடையாது.

மாலையில் மேடையேறினார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அன்று பாட்டு முழுக்கத் தலையைக் குனிந்து இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் கை தவறியது. திருத்திக்கொண்டு மேலே போய்விட்டார். முன்வரிசையில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள்.

கீழே இறங்கி வந்ததும் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, தன் இருக்கைக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, டீ குடிக்கும்போது, கிட்டார் பழகுவதெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். போயிட்டிருக்குதுங்க என்றேன். எதை வைத்துப் பழகுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. என்னிடம் கிட்டாரே இல்லை என்று நானும் சொல்லவில்லை.