இம்மீடியட்

டில்லியில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் எல்லா ஃபைலிலும் ‘இம்மீடியட்’ என்று சிவப்புச் சீட்டு குத்தியிருக்கும். உடனடி என்று பொருள். எதுவும் உடனே நடக்காது.

ஊரில் மனைவிக்குப் பிரசவ நேரம். விடுப்பு கேட்டு எழுதி, நானும் சீட்டுக் குத்தி அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. பிறகு அதிகாரி கூப்பிட்டார். தஞ்சாவூர்க்காரர். மேசை முழுக்கச் சிவப்பு. என் மனுவில் மட்டும் சீட்டு எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

“இது ஒண்ணுதான் அவசரமில்லாத பேப்பர். அதான் நிதானமாப் படிச்சேன். பிரசவம்னா வாயைத் தொறந்து சொல்லக் கூடாதாய்யா? ஜல்தி கிளம்பு!”

கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே ரயில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மகள் பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.