ஆறாவது பாட்டை உடைத்தது யார்?

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரி. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டிலும் அவளுக்குப் பல்தான் வேலை. பழைய இசைப்பெட்டிக்குள் எஃகில் ஒரு சீப்பு இருக்கும். உருளை சுற்றும்போது அதிலுள்ள ஊசிகள் சீப்பின் பற்களை மீட்டும், அதுதான் பாட்டு. அந்தப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றுவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சம்பளத்துக்குப் பார்க்குற பல்லு போதாதா?" என்பான் கணவன். சொல்லிவிட்டு விளக்கையும் அவனே பிடிப்பான்.

எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மூடியில ஆறு பாட்டுன்னு போட்டிருக்கு. ஆறாவது வர்ற நேரத்துல அஞ்சாவதே திரும்பப் பாடும். இப்ப அதுவும் ஓடல. ஏழு வயசுல நான் நோண்டித்தான் கெட்டுச்சாம். இன்னிக்கும் எங்க அண்ணன் சொல்லிக் காட்டுறாரு. அந்த ஒரு பாட்டை எடுத்துக் குடுத்துடும்மா."

பெட்டியில் வேகத்தை அடக்கும் விசிறி முறிந்திருந்தது. சாவி கொடுத்தால் உருளை தறிகெட்டுச் சுற்றிப் பற்களைப் பெயர்த்துவிடும். அதனால் பல்லுக்காரி உருளையைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படமெடுத்தாள். ஒவ்வொரு பல்லையும் மெல்லச் சுண்டி ஒலியைப் பதிவு செய்தாள். எந்த ஊசி எந்தப் பல்லைத் தொடும் என்று கணினியில் பொருத்திவிட்டு, சனிக்கிழமை காலை பொத்தானைத் தட்டினாள்.

சந்தைக்கடை இரைச்சல்! கணவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"நான் ஒரு அவசரக்குடுக்கை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், பாட்டுக்கு ஒரு படி வெட்டிய படிச்சக்கரம் உருளையை மயிரிழை பக்கவாட்டில் தள்ளும்; அடுத்த பாட்டின் ஊசிகள் பற்களுக்கு நேரே வரும். அதை மறந்து ஆறையும் ஒன்றாகப் பாட விட்டிருந்தாள். அடுத்த கணமே துள்ளினாள். "ஏங்க, இந்தச் சத்தத்துக்குள்ள ஆறாவதும் இருக்கு!"

வரிசை வரிசையாகப் பிரித்தாள். ஐந்து வரிசை ஊசிகளும் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஆறாவது வரிசை மட்டும் புத்தம் புதிது. ஒரு பல்லைக்கூட அது தொட்டதில்லை. அப்படியென்றால்? படிச்சக்கரத்தை லென்ஸுக்கு அடியில் வைத்து எண்ணினாள். ஐந்து படிகள்தான். மூன்று முறை எண்ணியும் ஐந்துதான்.

செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, நீங்க உடைக்கவே இல்ல! செஞ்சவனே ஆறாவது படிய வெட்டாம விட்டுட்டான். இந்தப் பாட்டை உலகத்துல யாருமே கேட்டதில்ல!"

தையற்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள். பல்லுக்காரி போனில் ஓடவிட்ட பாட்டை முடியும்வரை கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பாட்டை மறுபடி ஓடவிட்டாள்.

"நல்லாருக்கே! என்ன பாட்டு இது?" என்றார் அண்ணன்.

"நான் உடைச்ச பாட்டுண்ணே."